வயது என்றொரு குமிழ்

முப்பத்தேழு கட்டைகள், இரண்டு கிலோ.
காகிதத்தில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கினால்
மீன் வாங்கி வருகிறேன் என்பார்கள்.
இதற்குள் ஆறு பழைய சின்தசைசர்களைக்
குடியேற்றுவது மூன்று வருடமாக என் வேலை,
காஸ்தெல்ஃபிதார்தோ குன்றின் மேல்
கடல் தெரியும் ஓர் அறையில்.
ஜன்னலைத் திறக்கக் கூடாது:
காற்றும் பதிவாகிவிடும்.

ஐந்து பெட்டிகள் சேகரிப்பாளர்களிடமிருந்து வந்தன,
துடைத்து, மெருகேற்றி, சான்றிதழோடு.
ஆறாவது ஏவாரிஸ்தோவின் வேனில் வந்தது.
நாற்பத்தோரு கிலோ.
நான்கு பேர் தூக்கினோம்,
அவர் பின்னால் திட்டிக்கொண்டே வந்தார்.
ரிமினிப் பக்கத்து நடன அரங்குகளில்
நாற்பது கோடை வாசித்தவர்.
வாடகையை நாள் கணக்கில் கேட்டார்,
ரசீதோடு.

ஒவ்வொரு கட்டையையும் நூறு முறை அழுத்தி
அதன் நடுக்கம், இரைச்சல்,
சூடேறினால் எந்தப் பக்கம் சாய்கிறது
என்றெல்லாம் குறித்தேன்.
நாலரைக் கட்டையில் மட்டும்
ஈரப் படியில் கால் வைத்தாற்போல்
சுரம் வழுக்கியது.
திறந்து பார்த்தால் அடியில் ஊதாக் கறை.

"எழுபத்தொன்பது, ஆகஸ்டு,
மணமகனின் மாமா, ஒரு குவளை வைன்,"
என்றார், போலீசில் வாக்குமூலம் கொடுப்பவர் போல.

சரிசெய்யாதே என்றார் டிட்சியானோ, என் மேலாளர்.
நாம் விற்பதே வயதைத்தானே.
கறையைக் கணக்காக எழுதினேன்,
நாற்பத்து மூன்று வரிகள்.
முன்மாதிரி ராட்டர்டாம் போனது.
அங்கே ஒரு பையன் அந்த ஒற்றைச் சுரத்தை வைத்தே
ஒன்பது நிமிடம் வாசித்து அனுப்பினான்,
"இது அழுகிறது" என்று எழுதி.

சந்தோஷப்படுவார் என்று ஏவாரிஸ்தோவிடம் சொன்னேன்.

"அந்தக் கட்டையைத் தாண்டித் தாண்டி வாசித்தேன்,
பள்ளம் தெரிந்த தெருவில்
சைக்கிள் ஓட்டுகிறவன் மாதிரி.
பழுதுபார்க்க ஒரு மாச வருமானம் கேட்டார்கள்.
பிறகு பழகிவிட்டது.
மிரெல்லா என்று ஒருத்தி பாட வந்தாள்.
குரல் இரண்டு கட்டையில் குடியிருந்தது.
இரண்டில் ஸட்ஜமம் வைத்தால்
காந்தாரம் எங்கே விழும், சொல்லுங்கள்."

நாலரையில்.

"ஒன்றுக்கு இறக்கினேன்.
காரணம் சொல்லவில்லை, வெட்கம்.
மேலே எட்டாது என்று நான் நினைப்பதாக
அவள் நினைத்தாள்.
இரண்டாவது கோடையில் ஒரு கப்பலுக்குப் பாடப் போய்விட்டாள்.
அதையா விற்கிறீர்கள், பையன்களுக்கு?"

என்னிடம் பதிலில்லை.
ஒரு குமிழ் இருந்தது, வலது ஓரத்தில்:
வயது, சுழியத்திலிருந்து பத்து வரை.
ஆலையிலிருந்து வரும்போது ஏழில் நிற்கும்.
சுழியத்துக்குத் திருப்பினேன்,
யாரும் எதையும் கொட்டாத ஓர் ஆகஸ்டுக்கு.

அந்த விரல்களுக்குச் சின்னக் கட்டைகள் போதவில்லை.
ஒன்றை அழுத்தினால் இரண்டு இறங்கின.
மெதுவாக ஒரு வால்ட்ஸ், இரண்டு கட்டையில்.
காந்தாரம் வரும் இடத்தில்
பழக்கம் விரலைத் தூக்கிவிட்டது.
திரும்ப முதலிலிருந்து.
இந்த முறை அழுத்தினார்.
இன்னொரு தரம் அழுத்தினார்.

அழவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும்.
"ச்சே, இவ்வளவுதானா," என்றார்.
பிறகு:
"பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும்?"
ஆறு மணி நேரம்.
"ரவென்னா இரண்டு மணி நேரம்," என்றார்,
வழியெல்லாம் வாசித்துக்கொண்டே போகப் போகிறவர் போல.

வெளியே கொண்டுபோகக் கையெழுத்து வேண்டும்.
கருவி எண் நான்கு.
நோக்கம் என்ற கட்டத்தில்
சுருதி சோதனை என்று எழுதினார்.

ஒன்பதாம் நாள் திரும்பி வந்தது,
வேறொருவர் மடித்த துணிப்பையில்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
குமிழ் ஏழில் இல்லை, சுழியத்திலும் இல்லை.
மூன்றில் நின்றது.
வைத்த கை யாருடையதோ.

ஆலைக்குப் போகும் தாளில்
ஏழு என்பதை அடித்து மூன்று என்று எழுதினேன்.
டிட்சியானோ காரணம் கேட்டார்.

சுருதி சோதனை என்றேன்.